பாய்க்குப் பிடிபடாத வண்டி

இருபது வருடத்தில் மெக்கானிக் பாய் ‘தெரியல’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி இழுக்கவில்லை என்று கொண்டுபோய் நிறுத்தினால் ஆக்சிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிச் சத்தம் கேட்பார். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். முனை கரி பிடித்திருந்தால் ஒரு தீர்ப்பு, சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் வேறொன்று. எல்லாத் தீர்ப்பும் சரியாக இருந்ததில்லை. ஒருமுறை கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி மாட்டிய பிறகும் வண்டி நின்று நின்று போனது. கடைசியில் பார்த்தால் டேங்க் மூடியில் காற்று போகிற துளை அடைத்துக் கிடந்தது. ‘நம்ம கணக்கு தப்பிடுச்சு சார்’ என்று சிரித்துவிட்டு, கழுவிய கூலியை வாங்க மறுத்துவிட்டார். தப்பிய கணக்கானாலும் அது என் காதில் விழுந்த கணக்கு. அடுத்த தடவை வண்டி நின்றபோது, ‘மூடியைத் திறந்து பார்த்தீங்களா பாய்?’ என்று நானே கேட்டேன்.

2021-இல் வாங்கிய வண்டி மூன்றாம் வருடம் காலை வேளைகளில் கிளம்ப அடம் பிடித்தது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. பாய் சீட்டைத் தூக்கினார், ஒயர்களைப் பார்த்தார், சீட்டை இறக்கி வைத்தார். ‘எஃப்.ஐ. வண்டி சார். நான் கைவச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடும். கம்பெனியிலயே காட்டிருங்க.’ சர்வீஸ் சென்டரில் ஓர் இளைஞர் சீட்டுக்கு அடியில் ஒரு பிளக்கைச் செருகி, கையிலிருந்த கருவியைப் பார்த்து, சென்சார் மாற்ற வேண்டும் என்றார். என்ன ஆனது, எதனால் ஆனது என்று கேட்டேன். ‘சிஸ்டம் காட்டுது சார்.’ காசைக் கட்டிவிட்டு வந்தேன். மழைக்காலம் வந்ததும் அதே விளக்கு மறுபடி எரிந்தது. போய்க் கேட்டபோது அதே பதில்தான்.

இந்த மாதிரிக் கதை இப்போது எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. வண்டிக்குப் பதில் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி, போன். ‘அந்தக் காலத்தில் நாமே சரிபண்ணிக்கொள்வோம், இப்போது யாருக்கும் எதுவும் புரிவதில்லை’ என்ற அங்கலாய்ப்பும் கூடவே வரும். அந்த வாக்கியத்தின் முதல் பாதி எவ்வளவு உண்மை?

2002-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசென்பிளிட், ஃபிராங்க் கெய்ல் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், கழிப்பறை ஃப்ளஷ், பூட்டு போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆட்களைக் கேட்டு மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தாராளமாகவே போட்டுக்கொண்டார்கள். பிறகு, சரி, படிப்படியாக எழுதிக் காட்டுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்த பிறகு, தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். நான்கு வருடம் கழித்து லிவர்பூலில் ரெபெக்கா லாசன் சைக்கிளை வைத்துச் சோதித்தார். பெடல் எங்கே, செயின் எந்தச் சக்கரத்தில் மாட்டுகிறது என்பதிலேயே பலர் தடுமாறினார்கள். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் செயினால் இணைத்துவிட்டார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் வளைவில் திருப்பவே முடியாது. இதைப் படிக்கிறவர்கள் ஒரு தாளை எடுத்து வரைந்து பார்க்கலாம். நான் வரைந்தது யாருக்கும் காட்டும்படி இல்லை.

சைக்கிளுக்கே இந்தக் கதி என்றால், சாதாரண மக்கள் இயந்திரங்களைப் புரிந்து வைத்திருந்த பொற்காலம் ஒன்று இருந்ததாக நம்ப முடியாது. வேறொன்று இருந்தது. நடந்து போகிற தூரத்தில், புரிந்து வைத்திருந்த ஒருவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர் கடை, மோட்டார் காயில் கட்டுகிற கடை, மிக்ஸி பிளேடு சாணை பிடிக்கிறவர், வாட்ச் கடையில் ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு குனிந்திருப்பவர். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு வந்த கடிதத்தை வாங்கிப் படித்துச் சொன்ன தெருவாசி மாதிரி, இவர்கள் இயந்திரத்தைப் படித்து நமக்குச் சொன்னார்கள். கடிதம் நமக்குப் படிக்க வராவிட்டாலும், தெருவில் இரண்டு பேருக்குப் படிக்கத் தெரிந்திருந்தால், எவரும் துணிந்து பொய்யாகப் படித்துக் காட்ட முடியாது. பழுது பார்க்கிறவரின் பயன் பழுது நீக்குவதோடு நிற்கவில்லை. கம்பெனி சொல்வது மெய்யா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு இருந்த சாட்சியும் அவர்தான். பாய் ‘கம்பெனியிலயே காட்டிருங்க’ என்றபோது நான் இழந்தது அந்தச் சாட்சியை.

அவரைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கியது எது என்று பார்க்க, கார்பரேட்டரிலிருந்து தொடங்க வேண்டும். அதன் சூட்சுமம் ஒரு குறுகிய கழுத்து. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் கழுத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம், கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஊசித்துளை போன்ற ஜெட் வழியாக மேலே இழுத்துக் காற்றோடு தூவும். குளிரில் பெட்ரோல் அதிகம் தேவைப்படுவதால் சோக்கை இழுத்துக் காற்றின் வழியை அடைப்போம். ஐடிலிங் சரியில்லை என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். கால் சுற்று, அரைச் சுற்று. மெக்கானிக் காதால் கேட்டே திருகுவார். உள்ளே நடப்பது எல்லாம் நாற்றமாக, சத்தமாக, நிறமாக வெளியே வந்துவிடும். பெட்ரோல் கூடினால் சைலன்ஸர் கறுக்கும், குறைந்தால் இன்ஜின் காயும். ஐந்து புலன் இருந்தால் படித்துவிடலாம்.

எஃப்.ஐ., அதாவது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் அந்தக் கழுத்தின் வேலையை ஒரு கணிப்பொறி செய்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, ஈ.சி.யூ. என்பார்கள். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் அழுத்தம் என்ன, இன்ஜின் சூடு எவ்வளவு, புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சென்சார்கள் வழியாகக் கேட்டு, இன்ஜெக்டரின் வாயை இத்தனை மில்லிசெகண்ட் திற என்று உத்தரவிடுகிறது. டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும் பம்ப், பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. திருகுவதற்கு ஸ்க்ரூ கிடையாது. சோக்கும் கிடையாது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சூட்டு சென்சார் சொன்னால் பெட்டியே பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்.

வேண்டுமென்றே நம்மைக் குழப்புவதற்காக இதைக் கொண்டுவரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. நான்காம் நிலையிலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்கு வந்தோம். பத்து லட்சம் பங்கு எரிபொருளில் 50 பங்குவரை அனுமதிக்கப்பட்ட கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. சைலன்ஸருக்குள் இருக்கும் வினையூக்கி, விஷவாயுக்களை முழுதாக மாற்ற வேண்டுமானால் ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற விகிதம் கொஞ்சமும் பிசகக் கூடாது. காதால் கேட்டுத் திருகுகிற ஸ்க்ரூவுக்கு அந்தத் துல்லியம் வராது. பள்ளிக்கூட வாசலில் நிற்கிற குழந்தையின் நுரையீரலுக்கும் பாயின் ஸ்க்ரூடிரைவருக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் குழந்தையின் பக்கம். போதாததற்கு, எஃப்.ஐ. வண்டி அடிக்கடி மக்கர் பண்ணுவதுமில்லை. மாதம் ஒருமுறை கார்பரேட்டர் கழுவிய கூலியில் ஓடிய கடைகளுக்கு இது தனிக் கஷ்டம், வண்டிக்காரருக்கு லாபம்தான்.

ஆக, சிக்கல் கூடியது நியாயமான காரணத்துக்காக. பிறகு பாய் ஏன் கைவைக்கத் தயங்கினார்? சிக்கலைக் கண்டு பயந்தாரா? அப்படிச் சொல்பவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளைப் பார்த்ததில்லை என்பேன்.

கோவைப் பக்கத்தில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் வந்தால் காயில் கட்டுகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கருகிய சுருளை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணுகிறார். கம்பியின் கனத்தை கேஜ் வைத்து அளக்கிறார். எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குத் தாவுகிறது என்று பார்க்கிறார். மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். மோட்டார் கம்பெனி அவருக்கு எந்தப் புத்தகமும் தந்ததில்லை. அந்த எண்ணெய்க்கறை நோட்டுதான் புத்தகம். கருகிப் போன காயில்கூடத் தன் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் சாகிறது. சென்னை ரிச்சி தெருவில் இன்னும் ஒரு படி மேலே. செத்துப்போன போனின் போர்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, அரிசி முனையைவிடச் சின்னதான கெபாசிட்டரை ஹாட் ஏர் கன்னால் எடுக்கிறார்கள். ஐ.சி.யைத் தூக்கி, அடியில் ஈய உருண்டைகளை மறுபடி பதித்து, ‘ரீபால்’ பண்ணி உட்கார வைக்கிறார்கள். எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு சேர்கிறது என்று காட்டும் வரைபட மென்பொருள் சீனாவிலிருந்து வருகிறது. போன் கம்பெனி கொடுத்ததல்ல. கானாவின் குமாசி நகரத்தில் சுவாமே மேகசின் என்று ஒரு பெரும் பட்டறைப் பகுதி இருக்கிறது. உலகம் கழித்துக்கட்டிய கார்களைப் பல்லாண்டுகள் ஓட வைக்கும் இடம். நம் சென்னைப் புதுப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிக்கலான பொருளைச் சாதாரண ஆள் கற்றுக்கொள்ள மாட்டார் என்பதற்கு எதிரான ஆதாரம் இந்த ஊர்கள் முழுக்க இறைந்து கிடக்கிறது.

கற்றுக்கொள்ள ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கேட்டால் பொருள் பதில் சொல்ல வேண்டும். சுற்றை எண்ணலாம், கம்பியை அளக்கலாம். மென்பொருளைப் பிரித்து எண்ண முடியாது. அது யாருக்குப் பதில் சொல்வது, யாருக்கு வாயை மூடிக்கொள்வது என்பதை எழுதியவர் தீர்மானிக்கிறார். சிக்கல் வேறு, பூட்டு வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கம்பெனிக்கு அது சௌகரியம்.

பூட்டு எப்படி இருக்கும் என்பதற்குப் போலந்து ரயில் கதையைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. அங்கே லோயர் சிலேசியா மாகாணத்தில் நேவாக் என்ற கம்பெனி செய்த இம்பல்ஸ் ரயில்கள் ஓடுகின்றன. அவற்றுக்குப் பெரிய சர்வீஸ் செய்யும் ஒப்பந்தம், டெண்டரில் எஸ்.பி.எஸ். என்ற வேறொரு பட்டறைக்குப் போனது. பட்டறைக்காரர்கள் கையேட்டைப் பார்த்து ரயிலைப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டினார்கள். ரயில் நகரவில்லை. திரையில் எல்லாம் சரி என்று காட்டியது, மோட்டாருக்கு மட்டும் மின்சாரம் போகவில்லை. அடுத்த ரயிலும் அப்படியே. பட்டறையின் பெயர் கெட்டது. ‘நேவாக்கிடமே கொடுத்திருக்கலாமே’ என்ற பேச்சும் வந்தது. 2022-இல் வேறு வழி இல்லாமல் டிராகன் செக்டார் என்ற ஹேக்கர் குழுவைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மாதக்கணக்கில் ரயிலின் கணிப்பொறியைத் தோண்டி எடுத்துச் சொன்னது இது: ரயில் பத்து நாள் ஓடாமல் நின்றால் பூட்டிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதியிருந்தது. இன்னொரு பதிப்பில் சில ஜி.பி.எஸ். எல்லைகள் இருந்தன. அந்த எல்லைகள் போட்டிப் பட்டறைகளின் முகவரியோடு பொருந்தின. டிரைவர் அறையில் சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பூட்டு திறக்கவும் செய்தது. 2023 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் இதையெல்லாம் போட்டுக் காட்டினார்கள். கம்பெனி அடியோடு மறுத்தது; ஹேக்கர்கள் மீதே வழக்கும் போட்டது.

நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான். பட்டறைக்காரர்கள் ரயில் இன்ஜினீயர்கள். பல டன் எடையுள்ள இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். அவர்களே பல மாதம் ‘எங்கள் வேலையில்தான் எங்கோ தப்பு’ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு, சிக்கலின் வேஷத்தில் வந்தால் கெட்டிக்காரனும் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

அமெரிக்கக் கோதுமை வயல்களில் இதன் வேறொரு வடிவம். ஜான் டியர் டிராக்டரில் பழுதைக் கண்டுபிடிக்கும் முழு மென்பொருள் டீலரிடம் மட்டுமே இருந்ததால், அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் டீலர் ஆள் வரும்வரை விவசாயி வரப்பில் உட்கார வேண்டியிருந்தது. மென்பொருள் பூட்டை உடைப்பது 1998-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி குற்றம். சொந்த டிராக்டரைப் பழுது பார்ப்பதற்கு 2015-இல்தான் விலக்கு கிடைத்தது. 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே பழுது பார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. போனிலும் இதே சங்கதிதான்: 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி வேலை செய்யாமல் போனது. கூச்சல் எழுந்ததும் மென்பொருள் அப்டேட் ஒன்றில் அது சரியாகிவிட்டது. ஓர் அப்டேட்டில் தீர்ந்துபோகிற தடையைத் தொழில்நுட்பத் தடை என்று எப்படி நம்புவது?

கதவு திறந்த கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் 1996 மாடலிலிருந்து ஒரே அளவில் 16 முனைப் பிளக் ஒன்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்தாக வேண்டும். புகை சம்பந்தப்பட்ட பழுதுக் குறியீடுகளும் எல்லாக் கம்பெனிக்கும் பொது. கலிஃபோர்னியாவின் புகை விதிதான் இதற்குத் தாய். அதே மாசுக் கட்டுப்பாடு, அதே கணிப்பொறி. ஆனால் மலிவான ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் காரோடு பேசலாம். வெளிக் கடைகளுக்கும் பழுதறியும் தகவல் கிடைக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் சட்டமாக்கியது. பிறகு கார்கள் கம்பியை விட்டுவிட்டு ஆகாய வழியாகக் கம்பெனிக்குத் தகவல் அனுப்ப ஆரம்பித்தன. 2020-இல் அந்தத் தகவலையும் திறந்துவிடு என்று அங்கே வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 75 பேர் ஆமாம் என்றார்கள். கார் கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின.

நம் நாட்டிலும் இது புதுப் பிரச்சினை அல்ல. 2011-இல் தனிமனிதர் ஒருவர் கொடுத்த புகாரை எடுத்துக்கொண்ட இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததாக 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீடுகளில் அந்த உத்தரவின் வேகம் கரைந்தது. அபராதத் தொகையைவிட, ஆணையம் பார்த்த பார்வை எனக்கு முக்கியமாகப் படுகிறது: காரை வாங்கிய பிறகு அதன் சாமான் சந்தையில் அந்தந்தக் கம்பெனியே ஏகபோகம் என்று அது கணக்கிட்டது. ஆரம்பத்தில் எதை வாங்குவது என்பதில் நமக்குச் சுதந்திரம் இருக்கலாம். வாங்கிய பிறகு அகப்பட்டுக்கொண்டோம்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, போன், வீட்டு சாதனம், வாகனம் என்று நான்கு துறைகள். அந்த வருடக் கடைசியில் ஓர் இணையதளமும் வந்தது. கம்பெனிகள் தாங்களாக விரும்பி வந்து கையேடு, சர்வீஸ் விவரம் தரும் ஏற்பாடு. தாங்களாக விரும்பி என்பதுதான் இடிக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது வாரண்டி விவரமும் கம்பெனி சர்வீஸ் சென்டரின் முகவரியும். பாய்க்கு வேண்டியது அந்த முகவரி இல்லை. பிரான்சில் 2021-இல் போன், லேப்டாப் போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுது பார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் காட்டியாக வேண்டும் என்ற விதி வந்தது. கழற்றுவது எளிதா, சாமான் கிடைக்குமா, விலை என்ன, கையேடு யாருக்குத் தருகிறார்கள் என்பதெல்லாம் அதில் கணக்கு. ஏசிக்கு நட்சத்திரம் பார்த்து வாங்கப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமில்லை.

பாதுகாப்பு என்று கம்பெனிகள் சொல்லும் வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை. மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான செல்கள் வெல்டிங் செய்து அடுக்கியிருக்கின்றன. தெரியாதவர் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் தீப்பிடிக்கும். அதற்குப் பயிற்சியும் உரிமமும் கேட்கலாம். எலக்ட்ரீஷியனுக்குக் கேட்பதுபோல. ஆனால் இருட்டில் வைத்திருப்பதால் யாரும் பாதுகாப்பாக ஆவதில்லை. பெட்டி எப்படியும் ஒருநாள் திறக்கப்படும். திறக்கிறவருக்கு வரைபடம் தெரிந்திருக்க வேண்டுமா, கூடாதா?

மழைக்காலத்தில் மறுபடி விளக்கு எரிந்து, சர்வீஸ் சென்டரிலும் அதே பதில் கிடைத்த பிறகு நான் பாயிடமே போனேன். இந்தத் தடவை அவர் சீட்டைத் தூக்கியவுடன் இறக்கவில்லை. போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டார். யாரோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். பாய்க்கு மலையாளம் வராது; கையைத்தான் பார்த்தார். சர்வீஸ் சென்டர்காரர் கருவியைச் செருகிய அதே பிளக்கில், இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் சேர்த்தார். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினார். மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது. ‘எண்ணுங்க சார்’ என்றார். ஏழு முறை மின்னி நின்றது. மறுபடி ஏழு.

‘ஏழுன்னா இன்ஜின் டெம்பரேச்சர். காலைல கிளம்பாததுக்குக் காரணம் அதான். குளிர்ந்திருக்குன்னு பொட்டிக்குத் தெரியல.’

அதைத்தான் மாற்றிவிட்டார்களே என்றேன். அவர் பதில் சொல்லாமல் சென்சாரின் கனெக்டரை உருவினார். மல்டிமீட்டரை வைத்து, சிகரெட் லைட்டரைச் சென்சாருக்குப் பக்கத்தில் காட்டினார். சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்கியது. ‘சென்சார் நல்லாத்தான் இருக்கு.’ பிறகு கனெக்டரின் உள்ளே பார்க்கச் சொன்னார். ஒரு முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிய தடம். விளக்கு சொல்வது இந்த ஒயர் வழியில் கோளாறு என்பதை மட்டும்தான். சென்சாரா, ஒயரா, கனெக்டரா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும்.

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்பிரே அடித்து, அழுத்தி மாட்டினார். வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது. விளக்கு அணைந்தது.

‘மாத்தினப்போ பழைய சென்சாரக் குடுத்தாங்களா?’

‘கேக்கல பாய்.’

‘கேட்டு வாங்கியிருக்கணும் சார். மீட்டர் வச்சுப் பாத்திருக்கலாம்.’

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஸ்பேர்ஸ் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். முதல் சில பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அடுத்த வரியில் என் வண்டி மாடலை எழுதி, பக்கத்தில் ‘7 - டெம்ப் - கனெக்டர் பச்சை’ என்று குறித்துக்கொண்டார்.